பள்ளியில் இல்லாத பாடத்துக்கு கம்யூனிட்டி காலேஜ்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் பக்கம் ஏதாவது ஒரு தமிழர் வீட்டுப் பிறந்தநாள் விழாவுக்குப் போனால், பிரியாணி பரிமாறி முடிவதற்குள் யாராவது கேட்டுவிடுவார்: "உங்க பொண்ணு எத்தனை சி.சி. கிளாஸ் எடுத்திருக்கா?" சி.சி. என்றால் கம்யூனிட்டி காலேஜ், பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி. ஒன்பதாவது முடிந்த கோடையிலேயே ஆரம்பித்துவிட்டோம் என்பார் ஒருவர். என் பையன் பள்ளியை முடிப்பதற்குள் அசோசியேட் என்ற இரண்டு வருடப் பட்டமே வாங்கிவிடுவான் என்பார் இன்னொருவர். இதே ஆட்கள், பன்னிரண்டாவது முடித்த பிள்ளை யுனிவர்சிட்டிக்குப் போகாமல் அதே காலேஜில் சேரப் போகிறான் என்றால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். சரி, அது தனிக் கதை.

என் மகள் பத்தாம் வகுப்புக் கோடையில் தொடங்கி பன்னிரண்டாவது வரை இப்படிச் சில பாடங்கள் படித்தாள். இப்போது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின், அதாவது யூ.சி.யின், ஒரு வளாகத்தில் இருக்கிறாள். கேட்கிறவர்களுக்கெல்லாம் போனில் ஒன்றையே சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பள்ளியில் கிடைக்காத ஒன்றைப் படிக்க அனுப்புங்கள், யுனிவர்சிட்டி விண்ணப்பத்துக்குக் கூடுதல் பாயின்ட் சேர்க்க அனுப்பாதீர்கள். பாயின்ட் வந்தால் வரட்டும்.

ஊரிலிருந்து என் மாமியார், "பள்ளிக்கூடமே முடிக்கல, அதுக்குள்ள காலேஜா?" என்று கேட்டார். அதனால் ஏற்பாட்டைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் உள்ளன. பள்ளி மாணவர்கள் அங்கே பகுதிநேரமாகப் பாடம் எடுக்கச் சட்டமே இடம் தருகிறது. டூயல் என்ரோல்மென்ட் என்று சொல்வது இதைத்தான். பாடத்தின் அளவை யூனிட் என்று கணக்கிடுவார்கள், ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம். பள்ளி மாணவர்கள் ஒரு செமஸ்டரில் 11 யூனிட் வரை எடுத்தால் பெரும்பாலான காலேஜ்கள் அதைத் தள்ளுபடி செய்துவிடுகின்றன. சுகாதாரக் கட்டணம், பார்க்கிங், புத்தகம் என்று உதிரிச் செலவுகள் வரலாம். பாட அட்டவணையிலேயே "ஜீரோ டெக்ஸ்ட்புக் காஸ்ட்" என்று குறி போட்ட வகுப்புகள் இருக்கும். அவற்றை முதலில் பாருங்கள்.

இதில் இரண்டு வழிகள் உண்டு. 2016 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, பள்ளி மாவட்டமும் காலேஜும் ஒப்பந்தம் போட்டு, காலேஜ் பாடத்தைப் பள்ளிக்கே கொண்டுவந்து நடத்துவது ஒன்று. அதில் 15 யூனிட் வரை போகலாம், சம்மதப் படிவமும் ஒருமுறை கொடுத்தால் போதும். பிள்ளை தானே காலேஜுக்குப் போய் மற்றவர்களோடு உட்கார்ந்து படிப்பது இன்னொன்று. நாங்கள் போனது இரண்டாவது வழியில். அதற்கு ஒவ்வொரு டெர்முக்கும் பெற்றோர் கையெழுத்து, பள்ளிக் கவுன்சிலர் கையெழுத்து எல்லாம் புதிதாக வேண்டும். கவுன்சிலர்கள் கோடை விடுமுறைக்குப் போய்விடுவார்கள். எனவே கோடைப் பாடத்துக்கான படிவத்தை ஏப்ரலிலேயே வாங்கிவிடுங்கள். ஜூனில் போனால் கதவு பூட்டியிருக்கும்.

பதிவு செய்யும் வரிசையில் பள்ளிப் பிள்ளைகள் கடைசி. வழக்கமாகச் சேர்ந்த காலேஜ் மாணவருடைய இடத்தை இவர்கள் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சட்டத்திலேயே அப்படி வைத்திருக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் நம் பிள்ளைக்கு முறை வரும்போது நல்ல நேரத்தில் உள்ள வகுப்பெல்லாம் நிரம்பியிருக்கும். வெயிட்லிஸ்டில் பெயர் போட்டுவிட்டு, முதல் நாள் வகுப்புக்குக் கட்டாயம் போய் உட்கார வேண்டும். பதிவு செய்தவர்களில் சிலர் வரமாட்டார்கள். ஆசிரியர் அவர்களை நீக்கிவிட்டு, காத்திருப்பவர்களுக்கு ஆட் கோட் என்று ஒரு எண் கொடுப்பார். அந்த எண்ணுக்கும் கெடு உண்டு. கையில் வாங்கிக்கொண்டு வார இறுதியில் போடலாம் என்று விட்டால் போச்சு. ஆன்லைன் வகுப்பிலும் முதல் ஓரிரு நாளுக்குள் உள்ளே நுழைந்து அறிமுகப் பதிவு ஒன்று எழுதாவிட்டால், வராதவர் கணக்கில் பெயரை எடுத்துவிடுவார்கள்.

ஹெச்4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசாவில், பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஒரு கோடையில் வேறு ஒரு காலேஜில் விண்ணப்பித்தபோது, என் மகளை மாநிலத்தில் குடியிருப்பவள் அல்ல என்று கணினி முடிவு செய்துவிட்டது. ஒரு யூனிட்டுக்குச் சில நூறு டாலர் வீதம் பில் வந்து நின்றது. ஹெச்4 விசாவில் இருப்பவர்களும் கலிஃபோர்னியாவில் ஒரு வருடத்துக்கு மேல் குடியிருந்து, அதற்கான ஆதாரங்களைக் காட்டினால் ரெசிடென்ட் ஆகலாம். எஃப்1 மாணவர் விசா போல இதில் தடை இல்லை. வாடகை ஒப்பந்தம், வருமான வரித் தாக்கல், விசா ஒப்புதல் அறிவிப்பான ஐ-797 எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி அனுப்பிய பிறகு பில் பூஜ்யமானது. பில்லைப் பார்த்தவுடன் பாடத்தை டிராப் செய்துவிடாதீர்கள். அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் ரெசிடென்ஸியைப் பார்க்கிறவர் யார் என்று கேட்டு, அவரைப் பிடியுங்கள்.

இனி எந்தப் பாடம் என்கிற விஷயம். எனக்குச் சொல்ல அதிகம் இருப்பது இதில்தான்.

ஃப்ரீமான்டில் காது கேளாதோருக்கான கலிஃபோர்னியா அரசுப் பள்ளி இருக்கிறது. அதனால் இந்த ஊர்க் காப்பிக்கடைகளில் இரண்டு பேர் கையால் பேசிக்கொண்டிருப்பது சாதாரணக் காட்சி. இங்குள்ள ஓலோனி காலேஜும் அமெரிக்கச் சைகை மொழிக்குப் பேர்போனது. என் மகள் தமிழ்ப்பள்ளியில் படித்ததை வைத்தே மொழிப்பாடத் தேவையை முடித்துவிட்டாள். எனவே சைகை மொழி படிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் அவளுக்கு இல்லை. "எனக்கு ஆசையா இருக்கும்மா" என்றாள், அவ்வளவுதான். "அதுக்குப் பதிலா ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கலாமே" என்று என் கணவர் சொல்லிப் பார்த்தார். அது பள்ளியிலேயே இருக்கிறது என்று நான் சொன்னதும் விட்டுவிட்டார்.

அந்த வகுப்பில் நுழைந்தால் பேசக் கூடாது. கேள்வி, சந்தேகம், பக்கத்தில் இருப்பவரிடம் பென்சில் கேட்பது எல்லாம் கையால்தான். வீட்டுப்பாடம் வீடியோவாக அனுப்ப வேண்டும். பின்னணி வெறுமையாக இருக்க வேண்டும் என்பதால், சமையலறைக் கதவில் அவள் அப்பாவின் வேட்டியைக் கரை தெரியாமல் மடித்துத் தொங்கவிடுவாள். கை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கோடு போட்ட சட்டையைக் கழற்றிவிட்டு, ஒரே நிறத்தில் அடர் நீல டி-ஷர்ட் போட்டுக்கொள்வாள். முதல் வீடியோவில் கை அசைவெல்லாம் சரியாக இருந்தும் மதிப்பெண் குறைந்தது. காரணம் புருவம். சைகை மொழியில் ஆமா இல்லையா என்று கேட்கும்போது புருவம் உயர வேண்டும். யார், எங்கே, ஏன் என்று கேட்கும்போது நெரிய வேண்டும். அது அலங்காரம் அல்ல, இலக்கணம். புருவம் அசையாவிட்டால் கேள்வியே கேள்வியாக இருக்காது. அதற்கப்புறம் பல் தேய்க்கும்போதுகூடக் கண்ணாடி முன் நின்று புருவத்தைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். தம்பிக்கு ஒரே சிரிப்பு.

உடன் படித்தவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரி நர்ஸ். இன்னொருவர் காது கேளாத பேரனோடு பேசுவதற்காகப் படிக்க வந்த பாட்டி. வயது வித்தியாசம் பார்க்காமல் அந்தப் பாட்டியும் என் மகளும் ஜோடி சேர்ந்து பயிற்சி செய்தார்கள். பாட்டி ஒரு வகுப்பைக்கூட விட்டதில்லை. மதிப்பெண்ணுக்காக அல்லாமல் வேறு ஏதோ தேவைக்காகப் படிக்கிற ஆளை என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. எல்லோரும் ஒரே வயது, ஒரே கவலை, ஒரே டியூஷன் என்று இருக்கும் நம் பக்கத்துப் பள்ளிகளில் இதைப் பார்க்க வாய்ப்பே இல்லை.

அடுத்து மாலை வகுப்பில் ஆந்த்ரபாலஜி, அதாவது மானிடவியல், எடுத்தாள். அங்கே குழுப் பணி ஒன்று. குழுவில் இருந்த ஒருவர் கிடங்கில் ஷிஃப்ட் முடித்து, ஒளிரும் பச்சை மேலாடையோடு நேராக வகுப்புக்கு வருவார். ஒருநாள் அவர் வரவில்லை, குழுவின் பாதி வேலை அவரிடம் மாட்டிக்கொண்டது. பள்ளியில் என்றால் ஆசிரியரிடம் போய்ச் சொல்லிவிடுவாள். இங்கே அவருக்குச் செய்தி அனுப்பினாள். ஓவர்டைம், போனை எடுக்க முடியவில்லை என்று பதில் வந்தது. மீதி இருந்தவர்கள் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள், அடுத்த பகுதியில் அவர் கூடுதலாகச் செய்து ஈடுகட்டினார். வேலைக்குப் போகிற ஆட்களோடு வேலை செய்வது எப்படி என்று பதினாறு வயதில் தெரிந்துகொண்டாள்.

மூன்றாவது வேறு வகை. அமெரிக்க அரசாங்கப் பாடம். அது பள்ளியிலும் உண்டு, முடிக்காமல் டிப்ளமா கிடையாது. பன்னிரண்டாவதில் ஒரு பீரியட் காலியாகட்டும் என்று அதைக் கோடையில் எடுத்தாள். என் கட்சிக்கு இது விரோதம்தான், ஆனால் கிடைத்த பீரியடில் ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடர முடிந்தது என்பதால் ஒத்துக்கொண்டேன். கோடைப் பாடம் பற்றி ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். ஒரு யூனிட் என்றால் வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்ந்து சுமார் 48 முதல் 54 மணி நேர வேலை. மூன்று யூனிட் பாடம் 150 மணி நேரத்தை ஒட்டி வரும். 16, 17 வாரச் செமஸ்டரில் அது வாரத்துக்கு ஒன்பது மணி நேரம். அதையே ஆறு வாரத்தில் அடைத்தால் வாரம் 25 மணி நேரம். "சம்மர்ல சும்மாதானே இருக்கா, ரெண்டு எடுக்கட்டும்" என்கிறவர்கள், அது முழுநேர வேலையைவிட அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே கோடையில் நெல்லையில் ஒரு கல்யாணம். ஆன்லைன் பாடம்தானே, எங்கிருந்தாலும் படிக்கலாம் என்று கிளம்பினோம். கலிஃபோர்னியாவில் இரவு 11.59 கெடு என்றால் நெல்லையில் மறுநாள் பகல் 12.29. சரியாகப் பந்தி நேரம். மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, இவள் மண்டபத்து மாடி அறையில் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி உட்கார்ந்து க்விஸ் எழுதினாள். பாடம் முடிந்தது, நல்ல கிரேடும் வந்தது. ஆனாலும் ஊருக்குப் போகிற வருடம் கோடைப் பாடம் வேண்டாம் என்பதுதான் எங்கள் வீட்டில் இப்போது விதி.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய பெரிய மாற்றம் ஒன்று உண்டு. ஃபெர்ப்பா என்ற 1974-ஆம் வருடச் சட்டப்படி, பிள்ளை காலேஜில் சேர்ந்துவிட்டால், வயது பதினைந்தே ஆனாலும், அந்தக் காலேஜ்ப் பதிவுகளின் மீதான உரிமை பிள்ளைக்குப் போய்விடும். நான் ஒரு சின்னச் சந்தேகத்துக்கு அலுவலகத்தைக் கூப்பிட்டபோது, மிக மரியாதையாக, "உங்கள் மகளைப் பேசச் சொல்லுங்கள்" என்றார்கள். பள்ளி போர்ட்டலில் தினமும் மதிப்பெண் பார்த்துப் பழகிய கைக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான். எனக்குப் பிடித்தே இருந்தது என்றால் நம்புவீர்களா? ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது தலைப்பில் பாடப்பெயரும் செக்ஷன் எண்ணும் போட வேண்டும், சிலபஸில் ஏற்கெனவே பதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஆஃபீஸ் அவர் என்பது திட்டு வாங்கும் இடம் இல்லை என்பதெல்லாம் அவளாகவே கற்றாள். நான் செய்தது, அவள் போனில் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தது மட்டும்.

பாயின்ட் கணக்குக்கு வருகிறேன். கேட்காமல் விடமாட்டீர்கள். யூ.சி. ஏற்றுக்கொள்ளும் (ட்ரான்ஸ்ஃபர் ஆகும்) ஒரு காலேஜ் பாடம், குறைந்தது மூன்று செமஸ்டர் யூனிட் இருந்தால், பள்ளியின் ஒரு வருடப் பாடத்துக்குச் சமம். ஒன்பதாவது முடிந்த கோடை முதல் பதினொன்றாவது முடிந்த கோடை வரை எடுத்ததென்றால், யூ.சி. போடும் ஜி.பி.ஏ.வில், அதாவது கிரேடுகளின் சராசரியில், ஹானர்ஸ் பாயின்ட் என்ற கூடுதல் பாயின்ட்டும் உண்டு. ஆனால் அந்தக் கூடுதல் பாயின்ட்டுக்கு எட்டு செமஸ்டர் என்ற உச்சவரம்பு இருக்கிறது. பள்ளியிலேயே நடக்கும் காலேஜ் தரத்து ஏ.பி. பாடங்களும் அதே எட்டுக்குள்தான் வரும். நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலோர் அதை ஏ.பி.யிலேயே நிரப்பிவிடுகிறார்கள். அப்புறம் எதற்கு ஓட்டம்?

ஏ.பி.யா, சி.சி.யா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: ஏ.பி.யில் மே மாதம் ஒரு நாள் தேர்வு சரியில்லை என்றால், அந்த மதிப்பெண்ணை யாருக்கும் காட்டாமல் விட்டுவிடலாம். காலேஜ் கிரேடு பச்சை குத்தியது மாதிரி. அது ட்ரான்ஸ்கிரிப்ட் என்ற காலேஜ் மதிப்பெண் பதிவேட்டில் நிரந்தரமாக நிற்கும். செமஸ்டரின் ஆரம்ப வாரங்களில் டிராப் செய்தால் தடயம் இருக்காது. அதற்கப்புறம் விலகினால், விலகியதைக் காட்டும் டபிள்யூ என்ற குறி விழும். அந்தக் கெடுவும் தாண்டினால் என்ன கிரேடோ அதுதான். இந்த மூன்று தேதிகளையும் பதிவு செய்த அன்றே காலண்டரில் போட்டுவிடுங்கள். பிள்ளை டாக்டராக வேண்டும் என்று கனவு காண்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ், பள்ளிக் காலத்தில் எடுத்த காலேஜ் பாடங்களின் ட்ரான்ஸ்கிரிப்டையும் கேட்கிறது, அந்தக் கிரேடுகளையும் ஜி.பி.ஏ.வில் சேர்க்கிறது. பதினைந்து வயதில் விளையாட்டாக எடுத்த கெமிஸ்ட்ரியில் வந்த சி, இருபத்தொரு வயதில் எதிரே வந்து நிற்கும்.

சின்னச் சின்ன விஷயங்கள் இன்னும் சில. எந்தப் பாடம் எந்த யுனிவர்சிட்டிக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆகும் என்பதை வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள், அசிஸ்ட் என்ற அதிகாரபூர்வத் தளத்தில் பாருங்கள். 2025 இலையுதிர் காலம் முதல் பல பாடங்களுக்கு மாநிலம் முழுவதும் ஒரே எண் வந்திருக்கிறது, பழைய பட்டியல்கள் பொருந்தாது. டி ஆன்சா, ஃபுட்ஹில் காலேஜ்கள் இரண்டும் குவார்ட்டர் முறை, செமஸ்டரைவிடச் சின்ன டெர்ம். அங்கே நாலரை யூனிட் என்பது செமஸ்டர் கணக்கில் மூன்று. காலேஜ் கிரேடு தானாகப் பள்ளிக்குப் போகாது, ட்ரான்ஸ்கிரிப்ட் கேட்டு அனுப்ப வேண்டும். யுனிவர்சிட்டி விண்ணப்பத்தில் எடுத்த எல்லாக் காலேஜ் பாடத்தையும் காட்டியே ஆக வேண்டும், பிடிக்காத கிரேடை மறைத்தால் கிடைத்த சீட்டே போய்விடலாம். எத்தனை யூனிட் சேர்த்திருந்தாலும் பள்ளி முடிப்பதற்குள் எடுத்ததென்றால் யூ.சி.க்கு நம் பிள்ளை முதலாண்டு மாணவர்தான், அதில் பயம் வேண்டாம். தனியார் யுனிவர்சிட்டிகள் பல, பள்ளி டிப்ளமாவுக்குக் கணக்கு வைத்த பாடத்துக்கு மறுபடி கிரெடிட் தருவதில்லை. சியாட்டில் பக்கம் இருக்கிற சொந்தங்களுக்கு: உங்கள் ஊரில் 1990 முதல் ரன்னிங் ஸ்டார்ட் என்ற திட்டம் இருக்கிறது, அங்கே பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளைக் கிட்டத்தட்ட முழுவதும் காலேஜிலேயே படிக்கலாம். நான் சொன்ன கணக்கெல்லாம் கலிஃபோர்னியாவுக்குத்தான்.

இப்போது என் பையன் பத்தாவது. அவனுக்கு ஹேவர்டில் உள்ள ஷாபோ காலேஜில் வெல்டிங் படிக்க வேண்டுமாம். ரோபாட்டிக்ஸ் குழுவில் யாரோ இரண்டு அலுமினியத் துண்டுகளை ஒட்டவைத்ததைப் பார்த்ததிலிருந்து இதே பேச்சு. "அது யூ.சி.க்கு ட்ரான்ஸ்ஃபர் ஆகுமா?" என்று என் கணவர் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகும் என்று நான் நினைக்கவில்லை. ஹெல்மெட், கையுறை, தோல் பூட்ஸ் என்று கைக்காசும் செலவாகும். கவுன்சிலரும் படிவத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை நிமிர்ந்து பார்த்தார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி இடம் கிடைக்க வேண்டும். கடைசி வரிசைதானே, பதிவு தொடங்கும் நாள் அன்றுதான் தெரியும்.